காலிமுகத்திடல்: பீரங்கி வெளியும் மக்கள் மன்றமும்

கடலோரத்து நகரம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பொதுவெளியை உடையது. விற்போரும் வாங்குவோரும், உள்ளூராரும் கப்பலேறி வந்தோரும், ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒருவரையொருவர் எதிர்ப்படும் இடம் அது. வெனிஸ் நகரத்தார்க்குச் சென் மார்க் சதுக்கம் அத்தகையது. திரியெஸ்தே நகரத்தார்க்கு, கடலை நோக்கித் திறந்து கிடக்கும் இத்தாலிய ஐக்கியச் சதுக்கம் அத்தகையது. இவற்றைப் படங்களிற் கண்டு வியக்கும் நம்மவர் பலர், பழந்தமிழர் துறைமுகத்திற்கும் இத்தகைய வெளிகள் இருந்தன என்பதை மறந்துவிடுகின்றனர்.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையைக் கற்றோர் புகார் நகரின் அமைப்பை நன்கறிவர். கடலையடுத்த மருவூர்ப்பாக்கத்திற்கும் உள்ளமைந்த பட்டினப்பாக்கத்திற்கும் இடைப்பட்ட சோலை வெளியே நாளங்காடி. இரு பெருவேந்தர் பாசறைகளுக்கு நடுவே கிடக்கும் போர்க்களத்தை அவ்வெளிக்கு உவமையாக்குகிறார் இளங்கோ. அந்நகரில் ஐவகை மன்றங்கள் இருந்தன என்றும் கூறுகிறார். அவற்றுள் பூத சதுக்கம் ஒன்று. பொய்ச் சாட்சி சொல்வோரையும் அரசைக் கெடுக்கும் அமைச்சரையும் பற்றிப் புடைத்துண்ணும் பூதம் அங்கே நின்றதாம். பாவை மன்றம் மற்றொன்று. அரசன் செங்கோல் கோணினும், அறங்கூறும் அவை ஒருபாற் சாயினும், அங்குள்ள பாவை வாய் திறவாது கண்ணீர் உகுக்குமாம்.

பூதமும் பாவையும் கற்பனையே. ஆனால் அக்கற்பனைக்குப் பின்னே நிற்கும் எண்ணம் கற்பனையன்று. பொதுவெளி பொழுதுபோக்கிற்கு மட்டும் உரியதன்று. அதிகாரம் மக்கள் கண்முன் அளக்கப்படும் இடமும் அதுவே என்பது அவ்வெண்ணம். இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு நம் தலைநகரின் பொதுவெளியாகிய காலிமுகத்திடலைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே கோட்டைக்குப் பேருந்திற் செல்வோர், கொள்ளுப்பிட்டியைக் கடந்ததும் இடப்புறத்தே கட்டடங்கள் திடீரென விலகிக் கடல் தோன்றும் இடத்தைக் காணாதிருக்க முடியாது. ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் நீளம். பரப்பு 5 ஹெக்டயர் அளவே. தென் முனையில் 1864இல் தொடங்கிய காலிமுக விடுதி. வட முனையில் தூண்கள் வரிசையாக நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டடம். மாலையானால் கொட்டாஞ்சேனைத் தொழிலாளியும் தெஹிவளைக் குடும்பத்தாரும் மலைநாட்டிலிருந்து வந்த இளைஞரும் ஒரே கற்சுவரில் அமர்ந்து இறால் வடை உண்பதையும், சிறுவர் பட்டம் விடுவதையும் காணலாம். நுழைவுச் சீட்டு இல்லை; சாதி, மதம், மொழி கேட்பாரும் இல்லை. இன்று இயல்பாகத் தோன்றும் இந்நிலை எவ்வாறு வந்தது?

இத்திடல் எவரும் அன்பு கூர்ந்து அமைத்த பூங்காவாகப் பிறக்கவில்லை. பீரங்கியின் தேவைக்காகப் பிறந்தது. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டையை வலுப்படுத்தியபோது அதன் தெற்கே மறைவிடம் எதுவுமின்றி வெட்டவெளி கிடப்பதை விரும்பினர். தரைவழியே வரும் பகைவன் கோட்டையின் பீரங்கிக்கு நேரே தென்படல் வேண்டும். கடலுக்கும் பேர வாவிக்கும் இடையே அன்று இன்றினும் அகன்று கிடந்தது அவ்வெளி. இளங்கோ உவமையாகச் சொன்னது கொழும்பில் உண்மையாயிற்று. போர்க்களமாகக் கருதி வைக்கப்பட்ட நிலமே பின்னர் மக்கள் கூடும் நிலமாயிற்று.

1796இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அறுபது ஆண்டுகளின் பின் அத்திடலின் கடலோரத்தே நடைபாதை அமைக்கத் தொடங்கினார் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். 1856இல் தொடங்கிய வேலை 1859இல் முடிவுற்றது. அவர் நாட்டிய கல் இன்றும் உண்டு. கொழும்பின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலன் கருதி இந்நடைபாதையைத் தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளிடம் ஒப்படைப்பதாக அக்கல் கூறுகிறது.

இந்த வார்ட் யார் என்று அறிந்துகொள்வது பயன்தரும். பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அவர் தீவிரச் சீர்திருத்தவாதியாக இருந்தவர். இரகசிய வாக்கெடுப்புக்காக வாதாடியவர். அதே மனிதர் 1849இல் பிரித்தானியப் பாதுகாப்பிலிருந்த அயோனியத் தீவுகளின் உயர் ஆணையாளராகச் சென்றபோது, செபலோனியாத் தீவில் கிளர்ந்தெழுந்த விவசாயிகளை இராணுவச் சட்டத்தின் கீழ் அடக்கினார். இருபதுக்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். பலர் கசையடி பெற்றனர். தாயகத்திற் சீர்திருத்தம், குடியேற்ற நாட்டிற் கசை என்பது ஏகாதிபத்தியத்தின் இயல்பான இரட்டை வேடமே. அவர் ஆட்சி செலுத்திய கோர்பு நகரிலும், வெனிசியர் கோட்டைப் பீரங்கிகளுக்காக வீடுகளை இடித்து வெளியாக்கிய ஸ்பியனாதா என்னும் திடல் உண்டு. அது நகரின் உலாவுமிடமாக மாறியிருந்தது. கோட்டைமுன் வெளியொன்று உலாவுமிடமாக மாறுவதை அவர் அங்கே கண்முன்னே கண்டிருந்தார். 1860இல் சென்னை மாகாணத் தேசாதிபதியாகச் சென்ற அவர், சில வாரங்களுள்ளேயே வாந்திபேதியால் இறந்தார்.

அவர் கல்லிற் பொறித்த சீமாட்டிகள் யாவர்? அவ்வாண்டுகளிலேதான் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து கூலிகள் திரள்திரளாக வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, வழியிலேயே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். அப்பெண்களும் அவர்தம் குழந்தைகளும் அக்கல்லில் இடம்பெறவில்லை. நடைபாதைக்குச் செலவான செல்வமோ அவர்களின் உழைப்பிலும் விளைந்தது. திடலில் 1893 வரை குதிரைப் பந்தயங்கள் நடந்தன; துரைமார் கழகமும் விடுதியும் அருகே எழுந்தன. 1869 முதல் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டபின் பீரங்கிக்கும் அங்கு வேலையில்லாது போயிற்று. ஆயினும் திடல் மக்களுடையதாகிவிடவில்லை. அதை மக்களுடையதாக்கியது இருபதாம் நூற்றாண்டின் அரசியல்.

1930இல் திடலின் வட முனையில் சட்டசபைக் கட்டடம் திறக்கப்பட்டது. மறு ஆண்டிலே சர்வஜன வாக்குரிமை வந்தது. ஆட்சி மன்றமும் மக்கள் வெளியும் எதிரெதிரே நின்றமை வரலாற்றின் போக்கையே மாற்றியது. உள்ளே சட்டம் இயற்றப்படும்போது வெளியே அதன் பயனை அனுபவிக்கப்போகிறவன் நின்று பார்க்க முடிந்தது. 1948இல் மலையகத் தமிழ்த் தொழிலாளரைப் பிரசைகளல்லர் என்று ஆக்கிய சட்டம் அக்கட்டடத்தினுள்ளேயே நிறைவேறியது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். இடதுசாரிக் கட்சிகள் அதனை எதிர்த்து வாக்களித்தன என்பது பெருமையுடன் நினைக்கத்தக்கது.

1953இல் வேறொரு காட்சி. டட்லி சேனநாயக்கா அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் மானியத்தை வெட்டியது. கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ஜூலை மாதம் காலிமுகத்திடலில் இடதுசாரிகள் கூட்டிய கூட்டத்தில் பெருந்திரளானோர் குழுமினர். ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால். கடைகள் மூடின, புகையிரதங்கள் நின்றன. மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் கூட வேண்டியதாயிற்று. பொலிஸாரின் துப்பாக்கிக்கு உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அரிசிப்பானையின் முன் ஒரே மக்களாக நின்ற அந்நாள், இந்நாட்டு உழைப்போர் வரலாற்றில் ஒரு சிகரமாகும்.

இவ்வளவில் நிறுத்திக்கொள்வோமாயின் நமக்கு இன்பமான வரலாறு கிடைக்கும். பல மேடைகளில் அவ்வாறே நிறுத்திக்கொள்கின்றனர். ஆனால் அந்தச் சிகரத்திலிருந்து மூன்றாண்டு கூடக் கழியாத காலத்தில் அதே திடலில் நிகழ்ந்தது வேறு.

1956 ஜூன் 5ஆம் நாள் தனிச் சிங்கள மசோதா பிரதிநிதிகள் சபையில் கொண்டுவரப்பட்டது. அதனை எதிர்த்துச் சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இருநூறுக்கு மேற்பட்டோர் திடலில் அமைதியாக அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். குண்டர் கூட்டம் அவர்கள் மீது பாய்ந்தது. அடித்தனர், உதைத்தனர், சிலரைப் பேர வாவியில் தள்ளினர். பொலிஸார் தடுத்திலர். இளைஞரான அமிர்தலிங்கம் தலையிற் காயத்துடன் கட்டுப்போட்டுக்கொண்டு சபைக்குட் சென்றார். வன்முறை அன்றே நகருக்குப் பரவியது. சில நாட்களில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர் கொலையுண்டனர். ஜூன் 15இல் மசோதா 56க்கு 29 என்ற வாக்குகளால் நிறைவேறியது.

அடித்தவர்கள் யார்? அவர்களுள் 1953இல் அரிசிக்காகக் குரல் எழுப்பியவர் எவரும் இல்லை என்று நாம் உறுதியாகச் சொல்ல முடியுமா? ஒரே நகரத்து ஏழை, ஒரு நாள் வர்க்கமாகத் திரண்டு, மற்றொரு நாள் இனமாகத் திரட்டப்பட்டான். சதுக்கம் நிறைந்துவிட்டால் மட்டும் அது மக்கள் சதுக்கமாகிவிடாது. மேலே குறித்த திரியெஸ்தேச் சதுக்கமும் ஒரு நாள் நிறைந்து வழிந்தது. 1938 செப்டம்பர் 18ஆம் நாள் முசோலினி அங்கே மேடையேறி யூதருக்கெதிரான இனச் சட்டங்களை அறிவித்தான். திரண்டிருந்த கூட்டம் ஆரவாரித்தது. கூட்டத்தின் அளவு அன்று, அது யாரை விலக்கி நிற்கிறது என்பதே கேள்வி.

தனிச் சிங்கள மசோதாவை லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் எதிர்த்து வாக்களித்தன. ஒரு மொழியெனின் நாடு இரண்டாகும், இரு மொழியெனின் நாடு ஒன்றாகும் என்ற கருத்துப்படக் கொல்வின் ஆர். டி சில்வா அன்று எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையை இன்றும் நாம் நன்றியுடன் நினைவுகூர்கிறோம். ஆனால் 1964இல் சமசமாஜக் கட்சி ஶ்ரீலங்கா சுதந்திரக் கட்சியுடன் கூட்டரசாங்கத்திற் சேர்ந்தபின் நடந்ததென்ன? 1966 ஜனவரி 8ஆம் நாள், தமிழுக்கு ஓரளவு நிருவாக இடமளித்த விதிகளை எதிர்த்து அவ்விரு கட்சிகளும் கம்யூனிஸ்ட் கட்சியும் கொழும்பில் ஊர்வலம் நடத்தின. திடலுக்கு அண்மையிலுள்ள கொள்ளுப்பிட்டியில் பொலிஸ் சுட்டதில் பிக்கு ஒருவர் உயிரிழந்தார். 1972இல் சிங்களத்திற்கு அரசியலமைப்பு நிலையும் பௌத்தத்திற்கு முதன்மை இடமும் அளித்த யாப்பை உருவாக்கும் பொறுப்பு அதே கொல்வினிடமே இருந்தது. இவற்றை வலதுசாரிகள் சொல்லும்போது நாம் முகஞ்சுளிப்பதிற் பயனில்லை. நாமே முந்திச் சொல்லுதல் வேண்டும். ஆசனங்களுக்காகச் சிறுபான்மையினரின் உரிமையைக் கைவிட்ட இடதுசாரி இயக்கம், ஆசனங்களையும் ஈற்றில் இழந்தது. 1977இல் அப்பழைய கட்சிகளுக்குப் பாராளுமன்றத்தில் ஓரிடமும் கிட்டவில்லை.

திடலின் வடக்கே இன்று எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் பெருஞ்சிலை நிற்கிறது. சோவியத் நாட்டின் அன்பளிப்பு அது. சோசலிச நாடொன்றின் பரிசு, தனிச் சிங்களச் சட்டத்தைக் கொணர்ந்தவரின் உருவமாக, அச்சட்டத்தை எதிர்த்தோர் அடியுண்ட மண்ணிலேயே நிற்பது நம் காலத்து முரண்பாடுகளை ஒருங்கே காட்டுவதாகும். புகார் நகரத்துப் பாவை அறம் பிழைத்தபோது அழுதது. கொழும்பின் சிலைகள் அழுவதில்லை. அழ வேண்டிய கடமை மனிதர்க்கே விடப்பட்டிருக்கிறது.

1982இல் பாராளுமன்றம் கோட்டேக்குப் பெயர்ந்தது. வாவி நடுவே அமைந்த புதிய கட்டடத்தின் வாயிலில் மக்கள் எளிதிற் கூட இயலாது. பழைய கட்டடம் 1983 முதல் ஜனாதிபதி செயலகமாயிற்று. இடையிலே வேறொரு பகையும் திடலை நெருங்கியது: பணம். நகர அபிவிருத்தி அதிகார சபை, திடலின் 14 ஏக்கரை நிருவகிக்கத் தனியார் கம்பனி ஒன்றுடன் ஒப்பந்தம் செய்தது. அங்கே பெரும் உல்லாச வளாகம் எழப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. சுற்றாடல் அமைப்பொன்று ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டது; மறுக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2005 நவம்பரில் வந்த தீர்ப்பு, திடல் பொதுமக்களுக்குரியது என்பதை உறுதிசெய்ததோடு, பேச்சுரிமையினுள் தகவல் அறியும் உரிமையும் அடங்கும் என்றும் கூறியது. 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்கு முன்னோடியாக நின்றது ஒரு புல்வெளி பற்றிய வழக்கு என்பது பலரும் அறியாதது. சீமாட்டிகளுக்கென வார்ட் விட்டுச்சென்ற கொடை, அனைவருக்குமான உரிமையாக விளங்கிக்கொள்ளப்பட்டது அத்தீர்ப்பில் என்று கொள்ளலாம்.

திடல் தப்பியது, அதன் சுற்றம் தப்பவில்லை. இராணுவத் தலைமையகம் இருந்த நிலத்தில் பன்னாட்டு உல்லாச விடுதி எழுந்தது. 2014 முதல் கடலை நிரப்பி 269 ஹெக்டயரில் துறைமுக நகரம் உருவாக்கப்பட்டது. வடக்கே அலையைக் கண்ட இடத்தில் இப்போது மண்ணையே காண்கிறோம்.

2009 ஜூன் 3ஆம் நாள் இத்திடலில் போர் வெற்றி அணிவகுப்பு நடந்தது. படைகள் நடந்தன, தாங்கிகள் உருண்டன, வானில் விமானங்கள் பறந்தன. அதே வேளையில் வன்னியிலிருந்து வந்த இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட தமிழ் மக்கள் வவுனியாவின் முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். ஒல்லாந்தன் பீரங்கிக்கென வெளியாக்கிய நிலம் மீண்டும் பீரங்கிக்கே உரியதாயிற்று. அன்று தலைநகரில் வாழ்ந்த தமிழர் பலர்க்கு அத்திடலில் மாலையில் நடப்பதற்கும் மனம் கூசியது இயல்பே.

பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. எரிபொருளுக்கும் சமையல் வாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022இல், ஏப்ரல் 9ஆம் நாள் இளைஞர் திடலைத் தமதாக்கிக்கொண்டனர். 2020இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் அரசாங்கமே செயலகத்தின் எதிரே ஒரு மூலையை அடைத்து, கிளர்ச்சி செய்வோர்க்கான இடம் எனப் பலகை நாட்டியிருந்தது. மக்களை ஒரு மூலைக்குள் அடக்க நினைத்த அதிகாரத்தின் முன் திடல் முழுவதும் கிளர்ச்சிக்களமாயிற்று. 'கோட்டா கோ கம' என்று பெயரிடப்பட்ட அக்கூடார ஊரில் நூலகம் இருந்தது, பொதுச் சமையற்கூடம் இருந்தது, வகுப்புகள் நடந்தன. நோன்பு துறந்த முஸ்லிம்களுடன் பிறரும் அமர்ந்து உண்டனர். தேசிய கீதம் தமிழிலும் ஒலித்தது.

மே 9ஆம் நாள் அலரி மாளிகையிலிருந்து புறப்பட்ட அரச ஆதரவாளர் கூட்டம் கூடாரங்களைத் தாக்கியது. 1956இன் நினைவு உடையோர்க்கு அக்காட்சி புதிதன்று: நிராயுதபாணிகள் மீது ஏவப்பட்ட கூட்டம், தயங்கி நின்ற பொலிஸ். ஒரு வேறுபாடு உண்டு. இம்முறை நகரம் தாக்கப்பட்டவர் பக்கம் நின்றது. அன்றே பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே ஓடிப் பதவி துறந்தார். ஜூலை 22 விடியுமுன் புதிய ஜனாதிபதியின் ஆட்சியில் படையினர் வந்து கூடாரங்களைப் பிரித்தெறிந்தனர். பண்டாரநாயக்கா சிலையைச் சுற்றி 50 மீற்றருக்குள் கூடலாகாது என அதற்கு முன்பே நீதிமன்றத் தடையும் பிறப்பிக்கப்பட்டிருந்தது.

இவையனைத்தினும் நாம் ஆழ்ந்து எண்ணத்தக்கது மே 18ஆம் நாள் நிகழ்ந்ததே. முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைந்து அன்று திடலில் விளக்கேற்றினர். போரின் இறுதி நாட்களில் வன்னி மக்கள் உயிர்பிடித்து வாழ்ந்த உப்புக் கஞ்சி அங்கே காய்ச்சப்பட்டது; சிங்கள இளைஞரும் மதகுருமாரும் அதை வாங்கிக் குடித்தனர். வெற்றி அணிவகுப்பு நடந்த மண்ணில் தோற்கடிக்கப்பட்டவரின் கஞ்சி! நின்றவர் தொகை பெரிதன்று. கிளர்ச்சியில் கலந்த பலர் அதை ஏற்கவுமில்லை. வடக்குத் தமிழரும் கொழும்பின் கிளர்ச்சியைத் தயக்கத்தோடேயே நோக்கினர். தம் பிள்ளைகளைத் தேடி வீதியோரத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருந்த தாய்மாரிடம் அப்போது வந்து அமராத தெற்கு, எரிவாயு தீர்ந்தபோது விழித்ததேன் என்று வினவினர். அவ்வினா நியாயமானது. ஆயினும் அந்தக் கஞ்சிக் குவளையைச் சிறுமைப்படுத்துதல் நியாயமன்று. 1953இல் வயிறு ஒன்றுபடுத்தியது; அதன்மேல் உரிமை பற்றிய உடன்பாடு கட்டப்படாமையால் 1956இல் எல்லாம் சரிந்தது. 2022இலும் வயிறே முதலில் ஒன்றுபடுத்தியது. ஆனால் அன்று ஒரு சிலரேனும் மற்றவரின் துயரத்தை அவர்தம் பெயரிலேயே ஏற்றுக்கொள்ள முன்வந்தனர். திடலின் வரலாற்றில் அது புதிது.

ஆகவே காலிமுகத்திடல் எந்தத் தேசாதிபதியும் நமக்குத் தந்த பரிசன்று. கூடிய மக்கள் கூடிக்கூடிச் சம்பாதித்த உரிமை. எந்தத் தலைமுறையும் அதை நிலையாகப் பெற்றுவிட்டதாக எண்ணவும் இயலாது. ஒரு மொழியைப் பேசுவோன் அங்கே அடியுண்ட நாளில் அது மீண்டும் பீரங்கி வெளியாகிவிடும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு பணி உண்டு. கொழும்புக்குச் சுற்றுலா வரும் பாடசாலை மாணவர் திடலில் இறங்குகின்றனர், கடலைப் பார்க்கின்றனர், படமெடுத்துக்கொண்டு செல்கின்றனர். 2022ஐ அவர்கள் அறிவர். 1953ஐச் சிலர் கேள்விப்பட்டிருப்பர். 1956 ஜூன் 5ஐச் சிங்கள மாணவர் அறியார், தமிழ் மாணவரும் பெயரளவிலேயே அறிவர். வார்ட்டுக்குக் கல் உண்டு. பண்டாரநாயக்காவுக்குச் சிலை உண்டு. சத்தியாக்கிரகிகளுக்கு அங்கே ஒரு செங்கல்லும் இல்லை. இரு மொழியிலும் பொறித்த ஒரு சிறு கல் அங்கே வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கையன்று. அதுவரையில், மாணவரை அப்புல்லில் அமர்த்தி இக்கதையை முழுவதுமாக, நம் இயக்கத்தின் பிழையும் உட்பட, சொல்லிவிட நம்மால் இயலும். பாடப்புத்தகம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.